பதினொரு சதுரங்கள்

பூ முடிந்துவிட்டது. எட்டாவது இதழை முதல் இதழோடு சேர்த்து, ஊசியை உருவி, விரல் நுனியால் நடுவில் ஒரு தட்டுத் தட்டி மேசைமேல் வைக்கிறார் சீட்டக்கா. மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஒருமுறை பார்க்கிறார், இறக்கிக்கொண்டு ஒருமுறை பார்க்கிறார். பிறகு நூல் முனையைப் பிடித்து இழுக்கிறார். இருபது நிமிட வேலை கால் நிமிடத்தில் வெறும் நூலாகி மடியில் கிடக்கிறது. அதை உருண்டையில் சுற்றிவிட்டு மறுபடி முதல் கண்ணியிலிருந்து ஆரம்பிக்கிறார். இன்று காலையில் இது மூன்றாவது பூ.

எங்கள் தெருமுனைச் சலவைக் கடையில் துணி வாங்கிக்கொண்டு சீட்டுக் கொடுப்பவர் அவர். அதனால் சீட்டக்கா. அறுபதுக்கு மூன்று வயது குறைவு. மரத் தடுப்புக்குப் பின்னால் உயரமான முக்காலியில் உட்கார்ந்திருப்பார். ஒரு துணிக்கு மூன்று சீட்டு: ஒன்று நமக்கு, ஒன்று காலரில் ஊக்கால் குத்த, ஒன்று சுவர் ஆணியில் செருக. பின்னால் இரண்டு இயந்திரங்கள் நாள் முழுக்க உறுமிக்கொண்டிருக்கும். ஓரத்தில் இஸ்திரிக்காரர் ஆவியை விட்டு விட்டுத் தேய்ப்பார். கடைக்கு நேர் மேலே என் அறை. அந்த ஆவி தரை வழியாக ஏறி வருவதால் என் புத்தகங்களுக்கெல்லாம் சலவைத் தூள் வாசனை. வீட்டுக்காரரிடம் சொன்னால், புத்தகம் சுத்தமாகத்தானே இருக்கிறது என்கிறார்.

சீட்டக்கா ஆட்களை முகத்தால் அறிவதில்லை, துணியால் அறிவார். "நீலக் கட்டம் வந்தாச்சு, பச்சை ஓரம் நாளைக்குத்தான் வரும்" என்று அவர் இஸ்திரிக்காரரிடம் சொல்வது மனிதர்களைப் பற்றி. நான் அச்சகங்களுக்குப் பிழை திருத்திக் கொடுப்பவன். என் சட்டைக் கையில் எப்போதும் சிவப்பு மை இருக்கும். முதல் நாள் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "எழுதுறீங்களா, அடிக்கிறீங்களா?" என்று கேட்டார். அடிக்கிறேன் என்றேன். "அதான். எழுதுறவங்க மை நீலமா இருக்கும்" என்றார். அன்றிலிருந்து நான் மைக்கறை.

கறை விஷயத்தில் அவரிடம் யாருடைய பருப்பும் வேகாது. ஒருநாள் ஒருவர் வெள்ளைச் சட்டையை நீட்டி, காப்பி கொட்டிவிட்டது என்றார். சீட்டக்கா சட்டையை மூக்கருகே கொண்டுபோனார். "காப்பின்னு நீங்க சொல்றீங்க. மருந்துன்னு சட்டை சொல்லுது. யாருக்கு உடம்பு சரியில்ல?" அந்த மனிதர் முழித்தார். பிறகு தடுப்பில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, ஸ்பூனைத் தட்டிவிடும் தன் அப்பாவைப் பற்றிப் பத்து நிமிடம் பேசிவிட்டுப் போனார். பின்னால் நின்ற எனக்கு நேரமாகிக்கொண்டிருந்தது, எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் மறுநாள் அந்த மனிதரைத் தெருவில் பார்த்தபோது நானே நின்று விசாரித்தேன்.

குரோஷா பின்னும் கொக்கி ஊசியை அவர் பையில் வைப்பதில்லை. காதுமடலுக்கு மேலே, முடிக்குள் செருகிக்கொள்வார், தச்சர் பென்சிலைச் செருகுவதுபோல. ஆள் இல்லாத நேரத்தில் கை தானாக அங்கே போகும். கண் வாசலில் இருக்கும், வாய் இஸ்திரிக்காரரோடு வம்பளக்கும், கை மட்டும் பின்னிக்கொண்டிருக்கும். சும்மா சொல்லக்கூடாது, அவர் போடும் பூ அச்சில் வார்த்தது போலத்தான் இருக்கும். எட்டு இதழும் ஒரே அளவு. சுற்றிலும் சாம்பல் நூலில் கட்டம் கட்டிச் சதுரமாக்கினால் நான்கு மூலையும் மேசையோடு படிந்து நிற்கும். நாற்பது சதுரங்கள் அப்படிப் போட்டு முடித்து, நூலால் கட்டி அலமாரியில் வைத்திருந்தார்.

அப்படிப்பட்டவர் ஏன் ஏழெட்டு மாதமாகப் போட்ட பூவையெல்லாம் பிரித்துக்கொண்டிருக்கிறார் என்று எனக்கு மண்டை குடைந்தது. ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன். "இதுல என்னக்கா குறை?"

"ஒரு குறையும் இல்ல. அதான் பிரிக்கிறேன்."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டோமோ என்று நினைத்தேன். அவர் அடுத்த ஆளுக்குச் சீட்டு எழுதத் திரும்பிவிட்டார். மற்றதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக, துணி கொடுக்க வருகிறவர்களுக்கு நடுவில், ஒரு மாதத்தில் தெரிந்துகொண்டது.

அவருக்கு ஒரு தங்கை. நான்கு வயது இளையவர். சினிமாக் கொட்டகை வாசலில் நின்று டிக்கெட் கிழிக்கும் வேலை. "நான் சீட்டு எழுதிக் குடுக்கிறவ, அவ கிழிச்சுப் போடுறவ. அதுலயே தெரியலையா எங்க பொருத்தம்" என்பார் சீட்டக்கா. தங்கைக்கு ஒரு மகள். சீட்டக்காவுக்குப் பிள்ளையில்லை, அந்தப் பெண்தான் பிள்ளை. அவளுக்குக் கடல் தாண்டி, குளிர் அதிகமான ஓர் ஊரில் வேலை கிடைத்தது. போகும்போது எடுத்துப்போக ஒரு போர்வை போட்டுத் தருவது என்று இரண்டு சகோதரிகளும் பேசிக்கொண்டார்கள். எண்பது சதுரம், ஆளுக்கு நாற்பது. மாதுளை நிறப் பூ, சாம்பல் கட்டம். நூலை ஒரே கடையில், ஒரே சாயத்தில் மொத்தமாக வாங்கிப் பிரித்துக்கொண்டார்கள்.

இங்கே ஒரு நுணுக்கம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மற்றது புரியாது. இந்தப் பூவில் இதழுக்கு ஐந்து கண்ணி. முதல் இதழை ஆரம்பிக்கும் முன் நடு வட்டத்திலிருந்து மேலே ஏறச் சின்னதாக ஒரு சங்கிலி போடுவார்கள். அந்தச் சங்கிலியே ஒரு கண்ணி என்று கணக்கு. அதைச் சேர்த்துக்கொண்டு இன்னும் நான்கு போட்டால் போதும். தங்கை அதைச் சேர்த்துக்கொள்ளவே மாட்டார். ஏறி முடித்து, புதிதாக ஐந்து போடுவார். ஆக, முதல் இதழில் மட்டும் ஆறு. சின்ன வயதில் இருவரும் ஒன்றாகக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து இதே சண்டை. கேட்டால், "ஏணியை யாராவது மாடின்னு எண்ணுவாங்களாக்கா?" என்று தங்கை திருப்பிக் கேட்பாராம். போதாததற்குக் கையும் தளர்ச்சி. அவர் போட்ட பூ எல்லாம் ஒரு பக்கம் கன்னம் உப்பி நிற்கும். சீட்டக்கா அதற்கு வைத்த பெயர் பல்வலிப் பூ.

ஒரு விடுமுறை நாள் தங்கை முப்பது சதுரங்களோடு அக்கா வீட்டுக்கு வந்தார். அடுக்கிப் பார்க்கலாம் என்று கட்டில்மேல் எல்லாவற்றையும் பரப்பினார்கள். தைக்கக் கொடுத்திருந்த செருப்பை வாங்கி வருகிறேன் என்று தங்கை வெளியே போனார். சீட்டக்கா தனியாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னுது எல்லாம் படிஞ்சு கெடக்கு. அவளுது எல்லாம் தூக்கிக்கிட்டு நிக்குது. மூலைக்கு மூலை சேரல. அவ வர்றதுக்குள்ள ஒண்ணை மட்டும் சரி பண்ணிடலாம்னு இழுத்தேன். இழுத்தா கை நிக்குமா? பத்து போயிடுச்சு. பதினொண்ணாவது முடியிற நேரத்துல வந்துட்டா."

தங்கை வாசலிலேயே நின்றாராம். கையில் செருப்பு.

"நான் போட்டதை ஏன்க்கா பிரிச்சன்னு கேட்டா. தப்பா இருந்துச்சுன்னேன். தப்பா இருந்தாலும் நான் போட்டதுதானேன்னா. ஊர் அழுக்கெல்லாம் எடுக்கிறேன், என் வீட்டுல ஒரு தப்பை எடுக்கக்கூடாதான்னு கேட்டேன். எப்பவும் இதுக்கு அவ சிரிப்பா. அன்னைக்குச் சிரிக்கல. செருப்பைக் கீழ போட்டா, போட்டுக்கிட்டா, போயிட்டா."

அவளே கூப்பிடுவாள் என்று இவர் இருந்தார். அங்கிருந்தும் அழைப்பு வரவில்லை. இருபத்திரண்டாவது நாள் வேலைக்குப் போகப் பேருந்துக்கு நின்ற இடத்தில் தங்கைக்கு நெஞ்சை அடைத்தது. பக்கத்தில் நின்றவர்கள் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்திருக்கிறார்கள். குடிக்கவில்லை.

இதைச் சொன்ன அன்றும் சீட்டக்கா வேலையை நிறுத்தவில்லை. ஒரு கோட்டின் பைக்குள் கையை விட்டு, உள்ளே கிடந்த சாவியை எடுத்து உறையில் போட்டு, உறைமேல் எண் எழுதினார். எனக்குத்தான் கையிலிருந்த சட்டையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முதலில் என் தொழில் புத்தி அவர் பக்கம்தான் நின்றது. பிழைக்கு எதிரில் சும்மா உட்கார்ந்திருக்க என்னாலும் முடியாது. கடைப் பலகையைக்கூடச் சிவப்பு மையால் அடிக்கத் தோன்றும். ஆனால் நான் ஓரத்தில் குறி போடுகிறேன். எழுதியவர் எழுதியது அடியில் அப்படியே இருக்கும், வேண்டாம் என்றால் அவர் என் குறியை அடித்துவிட்டுப் போகலாம். குரோஷாவில் அப்படி ஓர் ஓரம் கிடையாது. பிரித்தால் பிரித்ததுதான். இதை யோசித்துவிட்டு அன்று மாலை ஒரு பக்கம்கூட என்னால் திருத்த முடியவில்லை.

தங்கையின் காரியமெல்லாம் முடிந்து சில நாள் கழித்து அந்தப் பெண் பெரியம்மாவிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அம்மா முப்பது போட்டாங்கல்ல பெரியம்மா, அதை மட்டும் ஒரு போர்வையா சேத்துக் குடுத்துடுங்க. உங்களுது இன்னொரு தடவை வாங்கிக்கிறேன்." சரிம்மா என்று தலையாட்டிவிட்டார் சீட்டக்கா. முப்பது எங்கே இருக்கிறது? இருப்பது பத்தொன்பது. மீதிப் பதினொன்றும் மேசை இழுப்பறையில் சுருள் சுருளாக நூலாகக் கிடந்தன.

அந்தப் பதினொன்றைத் தங்கையின் கையால் போடப் பழகிக்கொண்டிருந்தார் அவர். இதுதான் ஏழெட்டு மாதக் கூத்தின் காரணம். தன் பங்கில் மிஞ்சிய அதே நிற நூலில் போட்டுப் பார்ப்பார். முதல் இதழில் வேண்டுமென்றே ஆறு கண்ணி போடுவார். தளர்ச்சி வரட்டும் என்று பெரிய ஊசி வாங்கினார். இடது கையால் நூலைப் பிடித்துப் பார்த்தார். இஸ்திரிக்காரரைப் பேச்சுக் கொடுக்கச் சொல்லி, கவனமில்லாமல் பின்னிப் பார்த்தார். எதுவும் ஆகவில்லை. தங்கையின் தப்பு தப்பு மாதிரியே இருக்கும். இவர் போட்ட தப்பு அளந்து வெட்டினதுபோல இருக்கும்.

கடைசியில் அந்தப் பரீட்சைக்கு நான்தான் ஆள். தங்கையின் உண்மையான சதுரங்கள் நான்கை எடுத்து, நடுவில் தான் போட்ட ஒன்றை நுழைத்து, தடுப்பின்மேல் வரிசையாக வைப்பார். "மைக்கறை, எது என்னுது?" பிழை தேடியே கண் கெட்டுப்போனவன் நான். ஒரே பார்வையில் தொட்டுவிடுவேன். "ம்" என்பார். அதைப் பிரிப்பார். தினமும் இப்படி. இஸ்திரிக்காரர் என்னைப் பார்க்கும் பார்வையில், பாவி, ஒருநாளாவது தப்பாகக் காட்டித் தொலையேன் என்றிருக்கும்.

அந்தப் பார்வைக்காக ஒருநாள் வேண்டுமென்றே தயங்கினேன். மோவாயைத் தடவினேன். "தெரியலையேக்கா, எல்லாம் ஒண்ணா இருக்கு" என்றேன். சீட்டக்கா சதுரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். "பொய் சொல்ல வரலைன்னா சும்மா இருக்கணும், மைக்கறை. நாளைக்குச் சட்டையைக் கொண்டாங்க, கை ரொம்ப மோசமா இருக்கு."

இஸ்திரிக்காரர் நல்ல மனிதர், ஆனால் நல்லது செய்யப்போய் வாங்கிக் கட்டிக்கொள்கிறவர். ஒரு மதியம் இழுப்பறை திறந்திருந்தது. உள்ளே அந்த மாதுளை நிற நூல். பின்னிப் பிரித்த நூல் நேராக இருக்காது. ஒவ்வொரு கண்ணியும் வளைந்திருந்த இடத்தில் ஒரு நெளிவு அப்படியே நிற்கும். அவர் உருண்டையைக் கையில் எடுத்து, "இப்படி நெளிஞ்ச நூல்ல போட்டா எப்படிக்கா ஒழுங்கா வரும்? குடுங்க, ரெண்டு நிமிஷம் ஆவி காட்டினா நேராயிடும்" என்றார்.

"அங்க வைங்க."

"இல்லக்கா, சூடு அதிகமா வைக்காம..."

"வைங்கன்னு சொல்றேன்ல."

குரல் உயரவில்லை. ஆனால் இஸ்திரிக்காரர் உருண்டையை வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போனார். சீட்டக்கா இழுப்பறையை மூடினார். கொஞ்ச நேரம் கழித்து அவராகவே, என்னைப் பார்க்காமல் சொன்னார். "அவ கை எங்கெங்க திரும்புச்சோ அங்கெல்லாம் நெளிஞ்சிருக்கு. நான் திரும்பப் போட்டாலும் அது போயிடும். தேய்ச்சாலும் போயிடும். போடாம இருந்தா அந்தப் பொண்ணுக்கு என்னத்தக் குடுப்பேன்?" எனக்கும் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியாது.

அந்தப் பெண் கிளம்ப ஒன்பது நாள் இருந்தது. சீட்டக்கா அந்த வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. துணிகளை மாற்றிக் கொடுத்தார். பச்சை ஓரத்துக்கு நீலக் கட்டத்தின் துணி போய், நீலக் கட்டம் வந்து கத்திவிட்டுப் போனார். பிழையே செய்யாதவர் பிழை செய்வதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. "உள்ளதைச் சொல்லிடுங்கக்கா, சின்னப் பொண்ணு, புரிஞ்சுக்கும்" என்றேன். "புரிஞ்சுக்கும்தான். புரிஞ்சுக்கிட்டுப் போயிடும். அப்புறம் எப்பப் பார்க்கிறது?" என்றார்.

அவர் சொல்லப் போகும் முன் அவளே வந்துவிட்டாள். நான் சட்டைக்காக நின்றிருந்தேன், எனக்குப் பின்னால் சலவைக்குக் குளிர் கோட்டோடு ஒரு பெண்மணி. மதிய வெயில் வாசலில் நின்றது. அந்தப் பெண் தாயின் ஜாடை என்று பின்னர் தெரிந்துகொண்டேன். அப்போது எனக்குப் பட்டது, தோளில் தொங்கிய பையை அவள் இரண்டு கையாலும் பிடித்திருந்தது மட்டும்தான். வாசலில் அவளைப் பார்த்ததும் சீட்டக்காவின் முகத்தில் ஈயாடவில்லை.

"பெரியம்மா, கிளம்பறதுக்கு முன்னாடி..."

"இரு. நான் மொதல்ல சொல்லிடறேன்." முக்காலியிலிருந்து இறங்கினார். தடுப்பைப் பிடித்துக்கொண்டார். "முப்பது இல்லம்மா. பத்தொம்பதுதான் இருக்கு. மீதியை நான் பிரிச்சுட்டேன். உங்கம்மா போட்டதைத்தான். அவ உயிரோட இருக்கும்போதே. தப்பா இருக்குன்னு."

இஸ்திரிக்காரர் ஆவியை நிறுத்தினார்.

"தெரியும் பெரியம்மா" என்றாள் அந்தப் பெண். "அன்னைக்கே அம்மா வந்து சொன்னாங்க. ரெண்டு நாள் திட்டிக்கிட்டேதான் இருந்தாங்க."

"தெரிஞ்சுமா முப்பதுன்னு கேட்ட?"

"நீங்க மறுபடி போட்டிருப்பீங்கன்னு நெனச்சேன். நீங்க ஒரு வேலையைப் பாதியில விட மாட்டீங்களே." பையைத் திறந்தாள். "அம்மா அலமாரியை நேத்துதான் காலி பண்ணினேன். இது இருந்துச்சு. இதையும் சேத்துக்கலாம்னு கொண்டுவந்தேன்."

நான்கு சதுரங்கள். மாதுளைப் பூ, சாம்பல் கட்டம். தடுப்பின்மேல் வைத்ததும் மூலைகள் மரத்தோடு படிந்தன. எட்டு இதழும் ஒரே அளவு. இந்தக் கடையில் தினமும் பரீட்சை எழுதியவன் நான், யாரும் கேட்காமலே மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்: இவை சீட்டக்கா போட்டவை.

அவரும் அப்படித்தான் நினைத்தார். "இது என்னோடதும்மா. எப்பவோ மாறி உங்க வீட்டுக்கு வந்திருக்கும்."

"இல்ல பெரியம்மா. அம்மா போட்டது. நான் பக்கத்துல உக்காந்து பார்த்தேன். வேலை விட்டு வந்ததும் ஜன்னல்கிட்ட உக்காந்துடுவாங்க. ஒண்ணைப் போடுவாங்க, அளவு பார்ப்பாங்க, பிரிச்சுடுவாங்க. மறுபடி போடுவாங்க. இந்த நாலும் தேற மூணு வாரம் ஆச்சு. ஏம்மா இவ்வளவு கஷ்டப்படறீங்கன்னு கேட்டேன். ஊருல எல்லார்கிட்டயும் நல்ல பேர் வாங்கிட்டேன், உங்க பெரியம்மா ஒருத்திதான் பாக்கி, பதினொண்ணும் இப்படிப் போட்டு எடுத்துட்டுப் போய் முன்னாடி வெக்கிறேன், என்ன சொல்றான்னு பார்க்கலாம்னாங்க."

சீட்டக்கா ஒரு சதுரத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். நகத்தால் முதல் இதழின் கண்ணிகளைத் தள்ளித் தள்ளி எண்ணினார். ஐந்து. அடுத்ததை எடுத்தார். ஐந்து. நான்கையும் எண்ணி முடித்துவிட்டு, முதலில் எண்ணியதை மறுபடி எடுத்து எண்ணினார். அழுதுவிட்டால் தேவலை என்று எனக்கிருந்தது. அவர் அழவில்லை.

"இன்னும் ஒண்ணு இருக்கு, முடியல" என்று அந்தப் பெண் பையின் அடியில் துழாவினாள். வெளியே வந்தது ஐந்தாவது சதுரம். பூ முடிந்து, சாம்பல் கட்டம் இரண்டு பக்கம் ஏறி, மூன்றாவது பக்கத்தின் நடுவில் நின்றிருந்தது. கடைசிக் கண்ணி திறந்தே இருந்தது. கழன்றுவிடாமல் இருக்க அதில் ஒரு ஹேர்பின்னை மாட்டி வைத்திருக்கிறார் தங்கை. வருகிற வழியில் ஹேர்பின் நழுவி, நூல் பையின் ஓரத்தில் மாட்டியிருந்தது. அவள் வெளியே இழுத்த இழுப்பில் ஒரு கண்ணி போயிற்று, இன்னொன்று போயிற்று.

"விடு விடு விடு" என்று தாவிப் பிடித்தார் சீட்டக்கா. அந்தச் சின்ன வளையத்துக்குள் தன் வலது கைச் சுண்டுவிரலை நுழைத்தார். நூல் அங்கே நின்றது. நான் தடுப்பின்மேல் கிடந்த குரோஷா ஊசியை எடுத்து நீட்டினேன். மீதிக் கட்டத்தைப் போட்டு முடிச்சிட்டால் தீர்ந்தது, அவருக்குச் சில நிமிட வேலை. அவர் ஊசியைப் பார்த்தார். வேண்டாம் என்று தலையசைத்தார்.

எனக்குப் பின்னால் நின்ற பெண்மணி மெதுவாகக் கனைத்து, கோட்டைத் தடுப்பின்மேல் வைத்தார். சீட்டக்கா முக்காலியில் ஏறி உட்கார்ந்தார். வலது கையை மடிமேல் சதுரத்தோடு அசையாமல் வைத்துக்கொண்டு, சுண்டுவிரலை வளையத்திலிருந்து எடுக்காமல், இடது கையால் பேனாவைத் தேடி எடுத்துச் சீட்டு எழுத ஆரம்பித்தார்.